தொடக்கூடாத பாத்தி

கயிறு பிடித்து நாலு பாத்தி கீறினார்
விவசாயப் போதனாசிரியர் ஹில்மி சேர்.
கும்புறுப்பிட்டி மணல். கடல் கேட்கிற தூரம்.
நாலுக்கும் ஒரே மிளகாய்க் கன்று,
ஒரே கிணற்றுத் தண்ணீர்,
ஒரே எதிரி: கோரை.

முதலாவதற்கு மருந்து.
கையுறை, முகமூடி, மண்ணுக்குள் ஒரு குழாய்.
அழுகின முள்ளங்கி மணம் மூன்று நாள்.
எல்லாம் செத்தது.
கோரை, அறுகு, மண்புழு,
பெயர் தெரியாத ஒரு பச்சைப் பூச்சியும்.
மண்ணில் நஞ்சு மிச்சம் கிடக்கிறதா என்று பார்க்க
ஜாம் போத்தலில் ஒரு பிடி அள்ளி
கீரைவிதை தூவி, இறுக்கி மூடி,
என் குசினி யன்னலில் வைத்துவிட்டுப் போனார்.
சோறு வடிக்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன்,
வாட்டில் கிடக்கிற ஆளைப் பார்ப்பதுபோல.
ஆறாம் நாள் ஒரு வெள்ளை நூல்
தலை தூக்கியது.
யாருக்குச் சொல்வது? கோழிக்குச் சொன்னேன்.

இரண்டாவதற்கு வெயில்.
மண்ணை நனைத்து, கண்ணாடிப் பொலித்தீன் இழுத்து,
ஓரமெல்லாம் புதைத்து ஆறு கிழமை.
ஆடி வெயிலுக்குக் கூலி இல்லை,
பொலித்தீனுக்கு உண்டு.
கச்சான் காற்று இரண்டு தரம் அதைக் கிளப்பி
மரியதாஸ் வீட்டு முள்வேலியில் போர்த்தியது.
தைத்து ஒட்டி மறுபடி மூடினேன்.
உள்ளே சின்னப் பூண்டெல்லாம்
அவித்த கீரையாய்க் கிடந்தது.
கோரை மட்டும்
ஊசிமுனையால் பொலித்தீனைக் குத்தி
வெளியே வந்து காற்று வாங்கியது.
துளைகளைச் சேர் எண்ணினார், முப்பத்தொன்று.
எனக்கு எண்ண மனமில்லை.
காசு கொடுத்து வாங்கியது நான்.

மூன்றாவதற்குக் கடுகு.
விதைத்து, பூத்த கிழமையே வெட்டி,
பொடியாய்க் கொத்தி, மண்ணோடு புரட்டித் தண்ணீர் கட்டினேன்.
என் சட்டியில் தாளிக்கக் கடுகில்லாத மாதத்தில்
மண்ணுக்குத் தாளித்தேன்.
கண் எரிந்தது.
"என்னக்கா, இண்டைக்கு என்ன கறி?" என்று
வேலிக்கு அங்காலிருந்து றிஸ்னா.
ஒரு மாதம் களை அடங்கியிருந்தது,
பிறகு தன் பாட்டில் வந்தது,
கடன்காரனைப் போல, சிரித்துக்கொண்டு.

நாலாவதற்கு ஒன்றுமில்லை.
"இதைத் தொடக்கூடாது, பவளம்.
ஒப்பிட்டுப் பார்க்க ஒண்டு வேணும்."
தலையாட்டினேன்.

பதினைந்து நாளுக்கொருக்கால்
கம்பிச் சட்டத்தைக் கண்ணை மூடி எறிந்து
அதற்குள் அகப்பட்ட களைகளை எண்ணுவார்.
எண்ணிவிட்டுப் போவார்.
நான் அங்கேயே இருந்தேன்.
காலை கிணற்றடிக்குப் போக அந்தப் பாத்தி,
மாலை ஆட்டுக்குக் குழை ஒடிக்க அந்தப் பாத்தி.
பச்சைப் பசேலென்று கோரை
என் மிளகாயின் கழுத்தளவுக்கு.

நிலவு எறித்த ஓரிரவு
ஒன்றே ஒன்று என்று குந்தினேன்.
அடிக்கிழங்கோடு அறாமல் வந்தால்
மண்ணுக்குள் 'பொளுக்' என்று ஒரு சத்தம்.
அது பொல்லாத சத்தம்.
இன்னொன்று கேட்கும்.
விடியும்போது பாத்தியின் கடைசி மூலையில் இருந்தேன்.
அதற்குப் பிறகு எத்தனை இரவு?

அறுவடைக் கணக்கில்
முதலாவது முதலாவது.
தொடாத பாத்தி இரண்டாவது.
சேர் பேனையைக் காதில் செருகி
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"விளங்கேல்ல" என்றார்.
பிறகு தேத்தண்ணி நீட்டிய என் விரலைப் பார்த்தார்,
நகத்துக்குள் கறுப்பாய் மண்.

கோபிக்கவில்லை.
தாளின் அடியில் ஐந்தாவதாய் ஒரு வரி கீறி
'கை' என்று எழுதினார்.
"மருந்துக்கு விலை கிடக்கு,
பொலித்தீனுக்குக் கிடக்கு, கடுகு விதைக்கும் கிடக்கு.
இதுக்கு எத்தனை மணித்தியாலம் போடுறது?"

எண்ணவில்லை என்றேன்.

அந்தக் கட்டத்தை வெறுமையாய் விட்டு
தாளை மடித்துக்கொண்டு போனார்.
வெறும் இடம்.
அதில் கோரை முளைக்காமல் இருந்தால் சரி.